166 நாடுகள் சேர்ந்து மீன்பிடி ஒப்பந்தத்தை எப்படி முடிவு செய்கின்றன?

கடல்நுரை:
எங்கள் வீட்டில் ஒரு விசைப்படகு இருக்கிறது, அப்பா மானிய டீசலை நம்பித்தான் தொழில் நடத்துகிறார். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது என்று படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. 166 நாடுகள் இருக்கிற இடத்தில் இதை யார் எழுதுகிறார்கள்? ஓட்டு எடுக்கிறார்களா, இல்லை பெரிய நாடுகள் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டுவதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைவுப்பிரியன்:
ஓட்டெடுப்புக்கு விதியில் இடம் உண்டு, ஆனால் நடைமுறையில் அந்தப் பக்கமே போவதில்லை. கூட்டத்தில் இருக்கிற எந்த நாடும் முறைப்படி எதிர்க்கவில்லை என்றால் ஒருமித்த முடிவு என்று எடுத்துக்கொள்வார்கள். மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அங்கே விதியாகவே இருக்கிறது. கூட்டத்துக்கு வராத நாட்டின் எதிர்ப்பும் கணக்கில் வராது. அமைப்பின் தலைமையகம் இருக்கிற ஜெனிவாவில் சொந்தமாக ஒரு அலுவலகம்கூட வைக்க முடியாத சின்ன நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள்.

வரைவை எழுதுவது பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவர். எல்லாத் தரப்பையும் கேட்டு அவர் எழுதுவார், ஒத்துப்போகாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார். எத்தனை வருடம் என்ற ஒரு எண்கூட அடைப்புக்குறிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும், அதை எடுப்பதற்குத்தான் இத்தனை கூட்டமும். மீன்பிடி மானியப் பேச்சு 2001இல் தோஹாவில் தொடங்கியது, இப்போது நடைமுறைக்கு வந்திருக்கிற முதல் பகுதி முடிந்தது 2022 ஜூன் 17 அதிகாலையில், அதுவும் குறித்த நாளைத் தாண்டி இழுத்தடித்த பிறகு.

தெற்குவாசல்:
மேலே ஒன்று விட்டுப்போயிற்று. உண்மையான பேரம் பெரிய மண்டபத்தில் நடக்காது, 'பச்சை அறை' என்று சொல்கிற சின்னக் கூட்டத்தில் நடக்கும், அதற்கு அழைக்கப்பட்டவர்கள்தான் போக முடியும். எனக்கு இதில் கோபம் உண்டு, கதவுக்கு வெளியே நிற்பவன் உள்ளே பேசியதைப் பிறகு கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் தலையாட்டுவது மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. 2003இல் மெக்சிகோவின் கான்குனில் நடந்த இதே அமைப்பின் மாநாட்டில் பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி என்ற நான்கு ஏழை நாடுகள், அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குத் தருகிற மானியம் எங்கள் ஆட்களின் விலையைக் கெடுக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னார்கள். இந்தியாவும் பிரேசிலும் வேளாண்மைக்காக ஒரு கூட்டணி கட்டின. கடைசியில் அந்த மாநாடு உடன்பாடே இல்லாமல் கலைந்தது. சேர்ந்து நின்றால் தடுக்க முடியும், தனக்கு வேண்டியதை வாங்குவதுதான் கஷ்டம்.

வரைவுப்பிரியன்:
அப்புறம் டீசல் விஷயம். இப்போது நடைமுறையில் இருக்கிற பகுதி தடை செய்வது மூன்று: சட்டவிரோத மீன்பிடிப்புக்கு மானியம், அளவு மீறிப் பிடித்து இருப்பு குறைந்துபோன மீன் இனத்துக்கான மானியம் (இருப்பை மீட்க நடவடிக்கை எடுத்திருந்தால் தரலாம்), யார் கட்டுப்பாட்டிலும் வராத ஆழ்கடலில் பிடிப்பதற்கு மானியம். எரிபொருள், ஐஸ், சம்பளம் என்று படகின் செலவைத் தாங்குகிற மானியம் இரண்டாம் பகுதிக்கான வரைவில்தான் வருகிறது. அதில் 2024இல் அபுதாபியில் நடந்த மாநாட்டில் உடன்பாடு வரவில்லை. தொலைதூரக் கடலுக்குப் போகாத வளரும் நாடுகளுக்கு, தங்கள் கரையிலிருந்து 200 கடல் மைலுக்குள் பிடிப்பதற்கான மானியத்தைத் தொடர 25 வருட அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்டு வந்திருக்கிறது. அது நியாயமான கேட்பு என்றே நினைக்கிறேன், உலகத்தின் கடைசிக் கடல்வரை போய் அள்ளுகிற கப்பலையும் உங்கள் அப்பா படகையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கடல்நுரை:
ரொம்ப நன்றி. இந்தியா முதல் பகுதியில் கையெழுத்துப் போட்டுவிட்டதா?

வரைவுப்பிரியன்:
நடைமுறைக்கு வந்த நாளில் இந்தியா ஏற்றிருக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 111 நாடுகள் ஏற்றதால் நடைமுறைக்கு வந்தது, ஏற்ற நாடுகளை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: நான்கு வருடத்துக்குள் இரண்டாம் பகுதி முடியாவிட்டால், எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கிற அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுக்காத வரை, முதல் பகுதியும் காலாவதி ஆகிவிடும். ஆக 2029 செப்டம்பர் வரை கவனித்துக்கொண்டே இருங்கள்.