பொருள்: பொக்லைனில் மாட்டும் கான்கிரீட் ரம்பத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,
இடிப்பு வேலைக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தந்தாக வேண்டும். பொக்லைனின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெரிய வட்டத் தகட்டை மாட்டிக் கான்கிரீட்டை அறுக்கிறார்கள். கான்கிரீட்டை இடித்து உடைக்கும் பிரேக்கரை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் இதையும் சுழற்றுகிறது. 'அகழ்பொறி அறுவாள்' என்று எழுதிவைத்திருக்கிறேன். சரியா?

---

ஐயா, அறுவாள் என்றால் படிப்பவர் வயலுக்குப் போய்விடுவார். 'கற்காரை அரம்பம்' என்க. அரத்திலிருந்து அரம்பம்; அதன் தலை தேய்ந்ததே ரம்பம்.

---

தெலுங்கிலும் ரம்பம்தானே ஐயா? அங்கே தலையைத் தேய்த்தது யார்?

---

யாழ்ப்பாணத்தில் தச்சரிடம் வாள் கேட்டால் ரம்பத்தைத்தான் தருவார். போருக்கா என்று யாரும் கேட்பதில்லை. 'வட்டவாள்' போதும்.

---

சைட்டில் இருப்பவன் சொல்கிறேன். நீங்கள் நினைக்கிற பல் இதற்குக் கிடையாது. விளிம்பில் வைரத்துகள் கலந்த உலோகத் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். கான்கிரீட்டையும் உள்ளே இருக்கும் கம்பியையும் அவை தேய்த்தே அறுக்கின்றன. தண்ணீர் விடாவிட்டால் தகடு சூடாகும், சிலிக்கா தூசு நெஞ்சுக்குள் போகும். 1500 மி.மீ. தகடு என்றாலும் நடுப்பிடிப்பு போக 650 மி.மீ. ஆழம் இறங்கினால் அதிகம். பிரேக்கர் அடித்தால் அதிர்வு மிச்சக் கட்டடத்துக்கும் போகுமே, அதற்காகத்தான் இத்தனை பாடு. சொல் எதுவானாலும் இருக்கட்டும். தகடு உள்ளே இருக்கும்போது பூமை, அதாவது வண்டியின் நீண்ட கையை, பக்கவாட்டில் அசைக்காதே என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

---

தேய்த்து அறுக்கிறதா! அப்படியானால் தேடவே வேண்டாம். அகநானூறு 24-இல் சங்கை வளையலாக அறுக்கும் கருவி 'வாளரம்'. யாழ்ப்பாணத்து வாளும் உண்டு, என் அரமும் உண்டு. அறுத்தது போக மிஞ்சிய சங்கின் நுனியைப் பகன்றை மொட்டுக்கு உவமை சொல்கிறார் புலவர். அறுப்பவனோ 'வேளாப் பார்ப்பான்', வேள்வி செய்யாதவன். சங்கறுக்க வந்ததால் வேள்வியை விட்டானா, விட்டதால் வந்தானா என்பது தனி ஆராய்ச்சி.

---

அழகான சொல். ஆனால் ஆபரேட்டர் அகநானூறு படித்துவிட்டா வண்டி ஏறுகிறார்? 'பொக்லைன் ரம்பம்' என்றால் படம்கூட வேண்டாம்.

---

வழிமொழிகிறேன். வாளரம் என்று கேட்டால் கடைக்காரர் அரத்தை எடுத்து நீட்டுவார்.

---

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன், இரவு பதினொன்றரை. 'பொக்லைன் ரம்பம்' என்றே அனுப்புகிறேன். பூம் எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் வாளரத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்.

---

பொக்லைன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் முதல் பக்கத்தில், அகநானூறு கடைசிப் பக்கத்தில். என் மறுப்பைப் பதிந்துகொள்க.

---

அது இருக்கட்டும் ஐயா, பகன்றையைச் சிவதை என்கிறார்களே, சரிதானா? எங்கள் வேலியில் அந்தக் கொடி கிடக்கிறது, பூத்ததும் படம் அனுப்புகிறேன்.