பருத்திக்காட்டில் வந்த வலிப்பு: எண்டோசல்ஃபான் அனுபவங்கள்

கரிசல்காட்டான்:
1994ஆம் ஆண்டு, அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் பருத்தியில் காய்ப்புழு விழுந்திருந்தது. சித்தப்பா எண்டோசல்ஃபான் 35 இ.சி. என்ற திரவப் பூச்சிமருந்தைப் பாட்டில் மூடியால் அளந்து வாளியில் ஊற்றி, குச்சி கிடைக்காததால் முழங்கை வரை கையை விட்டே கலக்கினார். தெளிப்பான் மூடி கசிந்து முதுகுச் சட்டை முழுவதும் நனைந்திருந்தும், பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நிறுத்தாமல் அடித்தார். வீடு திரும்பியதும் தலை சுற்றுகிறது என்றும் முதுகு எரிகிறது என்றும் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தார். பாட்டி எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். சிறிது நேரத்தில் அவருடைய மேலுதடு துடிக்கத் தொடங்கியது, பிறகு உடல் முழுவதும் வெட்டி இழுத்தது. காக்காய் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களே தவிர, மருந்தின் வேலையாக இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
உங்கள் பாட்டி அன்போடு செய்ததுதான் என்றாலும், அந்த எண்ணெய் தவறு. எண்டோசல்ஃபான் போன்ற, குளோரின் சேர்ந்த ஆர்கனோகுளோரின் வகைப் பூச்சிமருந்துகள் கொழுப்பிலும் எண்ணெயிலும் கரைபவை. தோலில் மருந்து இருக்கும்போது எண்ணெய் தடவினால், அது உள்ளே இறங்குவதற்கு நாமே வழி செய்து கொடுத்தது போலாகும். குடித்துவிட்டவர்களுக்குப் பாலோ எண்ணெயோ கொடுப்பதும் அப்படித்தான். உடனே சட்டையைக் கழற்றி, தலைமுடி, நக இடுக்கு உட்படச் சோப்புப் போட்டுக் கழுவுவதே முதலில் செய்ய வேண்டியது.

எங்கள் வார்டில் ‘பூச்சிமருந்து கேஸ்’ என்றாலே கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும், அட்ரோபின் போடுவோம். அது ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறு வகைப் பூச்சிமருந்தின் நஞ்சுக்கு உரிய மருத்துவம். எண்டோசல்ஃபான், எண்ட்ரின் போன்றவை மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையையே முடக்கிவிடுவதால் வலிப்புதான் முன்னால் வந்து நிற்கும். இவற்றுக்கு முறிமருந்து கிடையாது. டயஸிபாம் கொடுத்து வலிப்பை நிறுத்தி, மூச்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கத்துவதற்குக் காரணம் இதுதான். எல்லாவற்றிலும் ஒரே மண்ணெண்ணெய் வாடைதான் அடிக்கும், மூக்கை நம்ப முடியாது.

பறவை நோக்கர்:
கொழுப்பில் கரையும் இந்தக் குணத்தைத்தான் நான் பறவைகளின் பக்கத்திலிருந்து அறிந்தேன். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தைச் சுற்றிய கோதுமை வயல்களில் கறையானுக்காக ஆல்ட்ரின் என்ற இதே வகை மருந்தை இட்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் அங்கே தானியம் பொறுக்கிய சாரசக் கொக்குகள் செத்து விழுந்தன. ஆல்ட்ரின் உடலுக்குள் போய் டீல்ட்ரினாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும். பசியிலோ நெடும்பறப்பிலோ பறவை தன் கொழுப்பைக் கரைக்கும்போது, என்றோ தின்ற நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. டி.டி.டி. வேறு வகையில் கொன்றது: அதன் சிதைவுப் பொருளான டி.டி.ஈ. பொரி வல்லூறின் முட்டையோட்டை மெலியச் செய்ததால், அடைகாத்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் 1967-இல் இதை வெளியிட்டார். தாய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு என்பதை இங்கே யாரும் மறக்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
எண்ணெய் விஷயத்தைப் பாட்டியிடம் சொல்ல இப்போது அவர் இல்லை. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நிறுத்திய செய்தியைச் சித்தப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது பி.எச்.சி. என்ற இன்னொரு ஆர்கனோகுளோரின் பூச்சிமருந்துப் பொடியைப் பற்றி. 1997-இல் அதற்குத் தடை வந்தபோது எங்கள் வீட்டில் அரை மூட்டை மிச்சம் இருந்தது, அதை அவர் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் புதைத்திருந்தார். இடத்தைக் காட்டச் சொன்னால், இன்று வாழையும் இல்லை, கிணறும் தூர்ந்து கிடக்கிறது.