மொழியியல் படித்துவிட்டு வெளிநாடு போனவர்களுக்கு: பல்கலைக்கழக வேலை தேடும்போது

களுவாஞ்சிகுடியிலிருந்து ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்து நான்கு மாதமான தங்கை ஒருவர், மொழியியலில் முதுகலைப் பட்டமும் ஊரில் இரண்டு வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராகக் கற்பித்த அனுபவமும் உள்ள தமக்கு அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். விடுமுறைக்கு மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்திருப்பதால் ஆறுதலாக எழுத முடிகிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு வேறு நாடுகளுக்குப் போனவர்களுக்கும் இது உதவக்கூடும்.

தங்கச்சி, முதலில் பதவிப் பெயர்களைப் பிரித்தறியப் பழகுங்கள். பிரித்தானியாவில் விரிவுரையாளர் என்பது பெரும்பாலும் ஆராய்ச்சியும் கற்பித்தலும் சேர்ந்த நிரந்தரப் பதவி; அதே சொல்லுக்கு அமெரிக்காவில் ஒப்பந்த அடிப்படையில் கற்பிப்பவர் என்றே பெரும்பாலும் பொருள். நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் 'விரிவுரையாளர்' என்ற சொல்லைக் கண்டதும் விண்ணப்பித்துவிட்டு, ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும்போதுதான் திகைக்கிறார்கள். வட அமெரிக்காவில் நிரந்தரமாவதற்கு வழியுள்ள பதவி உதவிப் பேராசிரியர் என்பதே; அதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டும். முதுகலையுடன் நிற்கும் உங்களுக்கு இப்போதைக்கு ஆய்வு உதவியாளர் வேலையும் தமிழ்ப் பேச்சுத் தரவுகளைக் குறியிடும் வேலையுமே கைக்கெட்டியவை. ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் கலாநிதிப் படிப்பே பல இடங்களில் சம்பளத்துடன் கூடிய வேலையாக விளம்பரப்படுத்தப்படுகிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கனடாவில் உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அங்குள்ள பேராசிரியர் பதவி விளம்பரங்களின் அடியில், தகுதியுள்ள அனைவரும் விண்ணப்பிக்கலாம், ஆயினும் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்படும் என்று ஒரு வாசகம் இருக்கும். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் அதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விடுவது கையிலுள்ளதை வீசுவதற்குச் சமம்.

விளம்பரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் லிங்குவிஸ்ட் லிஸ்ட் என்ற இணையச் சேவையில் மொழியியல் வேலைகள் நாடுவாரியாக வருகின்றன. பிரித்தானியாவுக்கு ஜொப்ஸ் டொட் ஏசி டொட் யூகே என்ற இணையதளம் போதும். வட அமெரிக்காவில் இதற்கு ஒரு பருவம் உண்டு: செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை விளம்பரமும் விண்ணப்பமும், குளிர்காலத்தில் நேர்முகம், அடுத்த கோடையின் இறுதியில் வேலை. பெப்ரவரியில் தேடத் தொடங்குபவர் பெரும்போகத்தை விட்டுவிட்டுச் சிறுபோகத்துக்கு மண்வெட்டியோடு நிற்பவரைப் போன்றவர்; ஒருவருடத் தற்காலிக இடங்கள்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

என்னுடைய முதல் தன்விபரக் கோவையில் பிறந்த திகதி, அடையாள அட்டை எண், சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலைக் கரப்பந்தாட்ட அணி, புகைப்படம் எல்லாம் இருந்தன. கிராம சேவகரின் நற்சான்றிதழையும் ஸ்கேன் செய்து இணைத்தேன். வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இவற்றில் ஒன்றும் தேவையில்லை. வெளியீடுகள், கற்பித்த பாடங்கள், மாநாட்டுக் கட்டுரைகள், கள ஆய்வு, இவைதான் முன்னால் நிற்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது பரிந்துரைக் கடிதம். நம் ஆசிரியர்கள் அன்போடு எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் 'இவர் ஒழுக்கமும் பணிவும் மிக்கவர்' என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். தெரிவுக் குழுவோ உங்கள் ஆய்வு எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தது என்பதை ஒன்றரை இரண்டு பக்கத்தில் எதிர்பார்க்கிறது. போதாததற்கு, கடிதத்தை உங்களிடம் தராமல் ஆசிரியரே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்காக நான் ஊரிலிருந்த தம்பியை மடிக்கணினியோடு அவர் வீட்டுக்கு அனுப்பிய கதையும் உண்டு. ஆகவே ஆறு வாரம் முன்பே கேளுங்கள். விளம்பரத்தையும் உங்கள் ஆய்வின் ஒருபக்கச் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் எழுதித் தரச் சொன்னாலும் நீங்களே எழுதாதீர்கள்.

எதை ஆராய்வதாகச் சொல்வது என்பதில்தான் நம்மவர் பலர் வழுக்குகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் நான் நிகழ்த்திய நேர்முக உரையின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழில் இருந்தன. முன்வரிசையில் இருந்த ஒருவர், 'உங்கள் வீட்டில் இப்படியா பேசுவீர்கள்?' என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த தடவை அம்மம்மா என்னைக் கூப்பிடும் 'கிறுகி வா மனே' (திரும்பி வா மகனே) என்ற வாக்கியத்தைக் கைத்தாளின் முதல் எடுத்துக்காட்டாகப் போட்டேன். 'மகனே' என்பதன் நடுவிலுள்ள ககரம் போன வழியைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டார்கள்.

மட்டக்களப்புப் பேச்சு, பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் எழுதினார். ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பேசும், மொழிக் கலப்பில் பிறந்த போர்த்துக்கீசக் கிரியோல் மொழியில் சொற்கள் போர்த்துக்கீசமாகவும், வினை வாக்கியத்தின் இறுதியில் வருவது உள்ளிட்ட அமைப்புகள் தமிழைப் போலவும் இருப்பதை மொழியியலாளர் இயன் ஸ்மித் 1970களிலேயே ஆராய்ந்தார். பிற்காலத்தில் லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ என்ற மொழியியலாளர் வந்து அம்மொழியை ஆவணப்படுத்தினார். நாம் பஸ்ஸில் கடந்துபோகும் தெருவுக்கு அவர்கள் விமானத்தில் வந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பறங்கியர் அயலில் வளர்ந்த ஒருவரோ, கல்முனையில் முஸ்லிம் தமிழ் வழக்கைக் கேட்டு வளர்ந்த ஒருவரோ ஆய்வு முன்மொழிவில் அதை எழுதாமல், ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய தலைப்பை எடுப்பது எனக்கு விளங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆய்வுக்காக யாருடைய குரலையும் பதிவு செய்வதற்கு முன் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அம்மாவின் குரலுக்கும் அதே விதிதான். அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

பரிந்துரை எழுதுபவர் ஊரில் இருந்தால் நேர வித்தியாசத்தையும் சொல்லி வையுங்கள். விண்ணப்பம் ரொறன்ரோ நேரப்படி நள்ளிரவில் முடிகிறதென்றால், ஒக்டோபரில் அது இங்கே மறுநாள் காலை ஒன்பதரை. நவம்பரில் அங்கு மணிக்கூட்டை மாற்றிய பின் பத்தரை. நான் சொன்ன அந்த ஓய்வுபெற்ற பேராசிரியரின் கடிதம் ஏறியது காலை ஒன்பது பத்துக்கு.