தறிகுடோனில் ராப் வீடியோ: திரையில் பட்டை ஓடுது, உதடு ஒட்டலை

காடாபீட்:
வணக்கமுங்க. 96 பிபிஎம் (நிமிஷத்துக்கு 96 பீட்) ராப் பாட்டு, மூணு நிமிஷம். கோயமுத்தூர்கிட்ட சோமனூர் பக்கம் ஒரு தறிகுடோன்ல ஒரே நாள்ல எடுக்கோணும். மிரர்லெஸ் கேமரா ஒண்ணு, பேட்டரி எல்இடி லைட் ரெண்டு, கேமரா ஆடாம பிடிக்கற கிம்பல். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததுல, நொடிக்கு 120 ஃப்ரேம் ஸ்லோமோஷன் முழுக்க கருப்புப் பட்டை ஓடுது. தறி ஓடும்போது ஸ்பீக்கர் காதுலயே விழலை. ப்ளூடூத் இயர்போன் போட்டா உதடசைவு பாட்டுக்குப் பின்னாடியே வருது. பாவு நூலை (தறியில நீளவாக்குல கட்டின நூல்) க்ளோசப் எடுத்தா வானவில்லாட்டம் அலையடிக்குது. தறியை நிறுத்திக்கலாம்னா ஓனர் முகத்தைச் சுளிக்கறாருங்க. என்ன பண்ணலாம்?

நொய்யல்கேமரா:
பட்டைக்குக் காரணம் கரண்டுங்க. நம்ம சப்ளை 50 ஹெர்ட்ஸ். குடோன் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைஞ்சு எரியுது. ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கற நேரம்) நொடியில 1/50, 1/100 ரெண்டுல ஒண்ணா இருந்தா ஒவ்வொரு ஃப்ரேமும் முழு துடிப்பை வாங்கிக்கும், பட்டை வராது. 120 ஃப்ரேம்ல ஷட்டர் 1/120-க்கு மேல திறக்கவே முடியாது, அதனால பட்டை விழுந்தே தீரும். 60 ஃப்ரேம் வரைக்கும் 1/100 வெச்சு ஓட்டலாம். 120 கண்டிப்பா வேணும்னா அந்த வரிசை ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, வெயில்லயோ உங்க பேட்டரி லைட்லயோ எடுங்க. மலிவு எல்இடியை 20 சதவீதத்துக்குக் குறைச்சா அதுவும் துடிக்கும். முழு வெளிச்சத்துல வெச்சு, தூரத்தைக் கூட்டிக் குறைச்சுக்குங்க.

கேமரா மெனுவுல வீடியோ முறை பால் (PAL) மோடுல இருந்தா 24 ஃப்ரேம் இருக்காது, 25, 50தான் காட்டும். என்டிஎஸ்சி (NTSC) மோடுக்கு மாத்தி நொடிக்கு 24 ஃப்ரேம் எடுங்க. 96 பிபிஎம்க்கு 24 எடுத்தா ஒரு பீட்டுக்கு 15 ஃப்ரேம், ஒரு பார் (நாலு பீட்) 60 ஃப்ரேம். 25-ல 15.625 வரும், வெட்டற இடம் ஒவ்வொண்ணையும் கண்ணால தேடோணும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க: கேமரால 24-ன்னு காட்டறது பெரும்பாலும் நிஜத்துல 23.976. எடிட் பண்ற டைம்லைனும் அதே இருக்கட்டும். கிளிப்பை 24-ன்னு மாத்திப் படிக்க வெச்சீங்கன்னா மூணு நிமிஷக் கடைசில நாலு ஃப்ரேம் தள்ளிப் போயிரும்.

தார்க்குச்சி:
உதடு சமாச்சாரத்துக்கு வர்றேன். ப்ளூடூத்துல 0.2 நொடி தாமதம்னாலே அஞ்சு ஃப்ரேம் போச்சு. தாமதம் மாறாம இருந்தா எடிட்ல தள்ளி வெச்சுக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவை கனெக்ட் பண்ணும்போதும் அது மாறும். வயர் இயர்போனை சட்டைக்குள்ள ஓட்டி, கேமராவுக்கு மறைவான காதுல மட்டும் போடச் சொல்லுங்க. போன் பாக்கெட்டுல இருக்கட்டும். பாட்டுக்கு முன்னால எட்டு பீப் சேருங்க. எட்டாவது பீப்புக்கு ராப்பரே கேமரா முன்னாடி ஒரு கை தட்டட்டும். தறிச் சத்தத்துல கேமரா மைக் பதிவு உதவாது. உள்ளங்கை ரெண்டும் ஒட்டற ஃப்ரேம்தான் உங்களுக்கு க்ளாப் போர்டு.

ஸ்பீக்கர் வெக்கற இடம் குடோனுக்கு வெளியன்னாலும் கணக்கு இருக்கு. சத்தம் ஒரு ஃப்ரேம் நேரத்துல 14 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் தள்ளி வெச்சா ரெண்டு ஃப்ரேம் லேட்டு.

ஸ்லோமோஷன்ல உதடு ஒட்டோணும்னா 30 ஃப்ரேம்ல எடுங்க, எடுக்கறப்ப பாட்டை 125 சதவீத வேகத்துல போடுங்க, 24-ல ஓட்டறப்ப சரியா வந்துரும். அது 120 பிபிஎம் ஆகும், பழகின ராப்பர் சமாளிச்சுருவாரு. 60-ல எடுத்தா 240 பிபிஎம். யாரு வாயும் தாங்காது, அதை நடக்கறதுக்கும் திரும்பறதுக்கும் வெச்சுக்குங்க. வேகத்தை ஏத்தறப்ப டெம்போவை மட்டும் மாத்துங்க. ஸ்பீடைத் தூக்கினா எலிக்குரலாயி, வார்த்தையே பிடிபடாது.

காடாபீட்:
அண்ணா, கணக்கு புரிஞ்சுது. பாவு அலையும் ஓனரும் பாக்கி.

பட்டறைவாசல்:
அலை வர்றது மொய்ரே தம்பி. இழைக்கும் சென்சார் புள்ளிக்கும் இடைவெளி ஒத்துப் போச்சுன்னா அப்படித்தான். ஒரு அடி கிட்ட போங்க, இல்லைன்னா தள்ளி வாங்க. லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) அகலமாத் திறந்து ஒரு கைப்பிடி இழை மட்டும் ஃபோகஸ்ல இருக்கற மாதிரி எடுத்தா மத்தது குழைஞ்சு போயிரும். ராப்பர் சட்டைல பொடிக்கட்டம் வேண்டாம். காடா துணி (சாயம் போடாத வெளுப்புத் துணி) வெளிச்சத்தை வாங்கித் திருப்பும், அதனால முகத்துக்கு அளந்து எக்ஸ்போஷர் வைங்க. கடுகு மஞ்சள், செங்கல் நிறம் அந்த வெளுப்புல எடுபடும்.

ஓனர் சுளிக்கறதுல நியாயம் இருக்கு. கூலி மீட்டர் கணக்கு. நிறுத்தித் திரும்ப ஓட்டினா துணியில குறுக்கால ஒரு கோடு விழுகும், அது முடிஞ்ச துணியை எடுத்துப் பாக்கறப்ப மாட்டிக்கும். குடோனையே நிறுத்தச் சொல்லாதீங்க. தார் (குறுக்கு நூல் சுத்தின குச்சி) மாத்தறப்பவோ, இழை அறுந்தப்பவோ அந்தத் தறி தானா நிக்கும். நெருக்கமான ஷாட்டெல்லாம் அதுக்குள்ள. உண்மையச் சொன்னா அந்தக் காட்சிதான் வீடியோவுக்கே உயிர்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அறுந்த இழையை உருட்டி முடியறது. பாட்டுல ஸ்நேர் ட்ரம் விழற அடிக்கு அந்த முடிச்சு ஷாட்டை வெட்டி வைங்க. தறியைச் சும்மா பேக்ட்ராப் மாதிரி பின்னால நிறுத்தி முன்னாடி செயினை ஆட்டினா, அது கல்யாண ஹால்ல எடுத்த மாதிரித்தான். முகம் தெரியறவங்க கிட்ட முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்குங்க.

தறி வரிசைக்கு நடுவுல ஃபிஷ்ஐ (ஓரமெல்லாம் வளைஞ்சு தெரியற ரொம்ப அகல லென்ஸ்) பிரமாதமா வேலை செய்யும். 1997-ல அமெரிக்க ராப்பர் மிஸ்ஸி எலியட்டுக்கு டைரக்டர் ஹைப் வில்லியம்ஸ் எடுத்த வீடியோவுல பாத்திருப்பீங்களே, அதே லென்ஸ். முகத்துக்கு 30 சென்டிமீட்டருக்குள்ள வந்தா ரெண்டு பக்கத் தறியும் வளைஞ்சு ராப்பரை விழுங்க வர்ற மாதிரி இருக்கும். எல்லா ஷாட்டும் அதுலயே எடுத்தீங்கன்னா சலிச்சுப் போயிரும், ஹூக்குக்கு (திரும்பத் திரும்ப வர்ற வரி) மட்டும் வெச்சுக்குங்க.

தார்க்குச்சி:
ஒண்ணு விட்டுட்டாங்க. நாடா (குறுக்கு நூலை எடுத்துட்டு ஓடற கட்டை) தெறிக்கும். தறியோட ரெண்டு ஓரத்துலயும், நாடா ஓடற நேர்கோட்டுல யாரும் நிக்கக் கூடாது, கேமராமேனும்தான். கிம்பலைப் பிடிச்சுப் பின்னால நடக்கறவர் இடுப்பைப் பிடிச்சு ஒரு ஆள் கூடவே வரோணும். ஹூடி கயிறு, செயின் எல்லாம் சட்டைக்குள்ள. புகை மெஷின், கலர் புகைக்குச்சி, ஹாலோஜன் எதுவும் குடோனுக்குள்ள வேண்டாம், பஞ்சு பத்திக்கும். அங்க பறக்கற பஞ்சே போதும்: பின்னாலிருந்து லைட் அடிச்சா கண்ணாடி ஓட்டு வழியா இறங்கற வெயில் கம்பி கம்பியாத் தெரியும், முன்னாலிருந்து அடிச்சா ஒண்ணுமே தெரியாது. லென்ஸை உள்ள கழட்டவே வேண்டாம். ஃபில்டர்ல ஒட்டற பஞ்சை ஊதுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கறதால துணியால தேய்ச்சா படலமாயிரும். தரை அதிரும், ட்ரைபாட் காலுக்கடியில ரப்பர் மேட் மடிச்சு வைங்க.

நொய்யல்கேமரா:
மேல இருந்து ஓட்டுக் கூரை வேணும்னு ட்ரோனை எடுத்துட்டுப் போயிராதீங்க. சூலூர்ல விமானப்படைத் தளம், பீளமேட்டுல விமான நிலையம். டிஜிட்டல் ஸ்கைங்கற அரசாங்க ட்ரோன் வரைபடத்துல உங்க குடோன் எந்த நிறத்துல விழுகுதுன்னு முதல்ல பாருங்க. பறக்கலாம்னு பச்சை காட்டினாலும் ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சின்ன ட்ரோனைத் தள்ளிட்டுப் போயிரும், விடிகாலைல மட்டும் பறக்க விடுங்க.

காடாபீட்:
ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம்: தறிச் சத்தத்தையே பாட்டோட ஆரம்பத்துல பீட்டா வெக்க முடியுமுங்களா?

பட்டறைவாசல்:
முடியும். ஆனா ரெண்டு தறி ஒரே வேகத்துல ஓடாது, கூட்டமாப் பதிஞ்சா வெறும் இரைச்சல். சாப்பாட்டு நேரத்துல ஒரே ஒரு தறியை மட்டும் ஓட விடச் சொல்லி, அரை மீட்டர்ல மைக் வெச்சு ஒரு நிமிஷம் பதியுங்க. போன்ல டேப் டெம்போ (தட்டத் தட்ட வேகத்தை எண்ணிச் சொல்ற ஆப்) வெச்சு எண்ணுங்க. நிமிஷத்துக்கு 120 தட்டு வந்தா பதிவோட வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்குங்க, 96-ல உட்கார்ந்துரும்.