மறு: கலைச்சொல் தேவை – ஈர்ப்புக் காந்தமா, நிறையோட்டப் புலமா?

> ‘கிராவிட்டோமேக்னெட்டிசம்’ என்பதற்கு ‘ஈர்ப்புக் காந்தவியல்’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம்தான். ஆனால் ‘ஈர்ப்புக் காந்தம்’ என்றதும் புதிதாகப் படிப்பவர் இரும்பை ஈர்க்கிற காந்தத்தைத்தான் நினைப்பார். இங்கே காந்தம் எதுவும் இல்லை, ஒப்புமை மட்டும்தான். ஓடும் மின்னூட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குவதுபோல, ஓடும் நிறையும் வழக்கமான ஈர்ப்புக்கு மேல் இன்னொரு புலத்தை உண்டாக்குகிறது. ஆங்கில இயற்பியலாளர் ஹெவிசைடு 1893-லேயே இந்த ஒப்புமையை எழுதிவிட்டார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலிருந்து அதன் விளைவைக் கணக்கிட்டவர்கள் ஆஸ்திரிய அறிவியலாளர்கள் லென்சும் திர்ரிங்கும், 1918-இல்.

ஆனால் குறி மாறுகிறது. ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும். ஒரே திசையில் ஓடும் இரு நிறைகளுக்கிடையே இந்தக் கூடுதல் விசையோ விலக்கும். (மொத்தத்தில் ஈர்ப்புதான் வெல்லும். நீங்களும் அவற்றோடு சேர்ந்து ஓடினால் அந்தக் கூடுதல் விசையே இருக்காது.) விலக்குகிற ஒன்றுக்கு ‘ஈர்ப்புக் காந்தம்’ என்று பெயர் வைத்தால் மாணவர் பாடு திண்டாட்டம்.

அப்புறம், இது ஏன் கண்ணில் படுவதில்லை? சாதாரணக் கம்பியில் எலெக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. அப்படியும் காந்தவிசை நமக்குத் தெரிகிறது என்றால், நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமன்பட்டு மின்விசை ஒதுங்கிக்கொள்வதால்தான். நிறையில் எதிர்க்குறி கிடையாது. அதனால் சாதாரண ஈர்ப்பு எப்போதும் முன்னால் நின்று மறைக்கிறது. ஓட்டத்தால் வரும் கூடுதல் விசையோ, வேகத்துக்கும் ஒளிவேகத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்க அளவில்தான் தலைகாட்டும். 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி என்ற நாசா செயற்கைக்கோள், பூமியின் சுழற்சியால் தன் ஜைரோஸ்கோப்புகளின் (சுழலும் உருண்டைகளின்) அச்சு ஆண்டுக்குச் சுமார் 37 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 36 லட்சத்தில் ஒரு பங்கு) திரும்பியதாக அளந்தது. கோட்பாடு சொன்னது 39. அளவீட்டில் பிழை வரம்பே 7!

ஆக, ஓட்டம்தான் இதன் உயிர். மின்னோட்டத்துக்கு இணையாக ‘நிறையோட்டம்’, அது உண்டாக்குவது ‘நிறையோட்டப் புலம்’ என்று வைக்கலாம் என நினைத்தேன். ஒரு சிக்கல்: இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் எடை, நாம் நிறை என்பதை அங்கே திணிவு என்பார்கள். எடை ஓடுகிறது என்று அவர்கள் படித்துவிடக் கூடாது. காதுக்கு நிறையோட்டம்தான் இதமாக இருக்கிறது, இருந்தாலும் என் வாக்கு ‘திணிவோட்டப் புல’த்துக்கே.

சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சேர்த்து இழுப்பதைக் குறிக்கும் ‘பிரேம் டிராகிங்’கிற்கு வந்த ‘சட்ட இழுவை’ வேண்டாம், நீதிமன்ற வழக்குபோல ஒலிக்கிறது. ‘காலவெளி இழுவை’ சரிப்படுமா?