எகிப்து குழுச் சுற்றுலா: டிப்ஸைக் கட்டாயமாக வசூலிப்பது சரியா?

வேளச்சேரிவாசி:
ஜனவரியில் எட்டு நாள் எகிப்து போகிறோம். நான், மனைவி, அம்மா. கெய்ரோ பார்த்துவிட்டு அஸ்வான், அங்கிருந்து க்ரூஸ் கப்பலில் லக்சர். முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது வந்த தாளில், 'டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், கெய்ரோவில் இறங்கியதும் கைடிடம் ரொக்கமாகத் தரவும்' என்று இருக்கிறது. மூன்று பேருக்கு 192 டாலர்! மனசு வந்து கொடுப்பதுதானே டிப்ஸ்? கேட்டு வாங்கினால் அது கட்டணம். அதை முதலிலேயே விலையில் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஊர்சுற்றி:
முன்கூட்டிச் சொல்லாதது தப்புதான் சார். ஆனாலும் கொடுத்துவிடுங்கள். பஸ் டிரைவர், பெட்டி தூக்குபவர், ஃபிலே கோயிலுக்குப் படகு ஓட்டுபவர், எட்ஃபுவில் குதிரை வண்டிக்காரர் என்று அங்கே எல்லோரும் 'பக்‌ஷீஷ்' என்னும் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். பொதுவாகக் கொடுத்துவிட்டால் கைடு பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் நாள் முழுக்கப் பர்ஸைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கன்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொத்தமாகக் கொடுத்த பணம் யார் கைக்குப் போகிறது? எங்கள் கப்பலில் அறை சுத்தம் செய்த பையன் தினமும் துண்டை முதலை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைப்பான். கடைசி நாள் காலையில் 200 எகிப்து பவுண்டு கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான். குழுப் பணத்தில் அவனுக்கு எவ்வளவு போச்சு என்று கைடிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். என் கையால் கொடுத்தால்தான் எனக்கு நிம்மதி.

ஊர்சுற்றி:
நீங்கள் பார்த்த பையனுக்குக் கிடைத்தது, சரி. சமையற்கட்டிலும் எஞ்சின் அறையிலும் இருக்கிறவர்களை நீங்கள் பார்க்கவே இல்லையே, அவர்களுக்கு? 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலர் 31 பவுண்டிலிருந்து 50 பக்கம் போய்விட்டது. அவர்கள் சம்பளம் பவுண்டில்தான்.

கணக்கன்:
அதற்குச் சம்பளத்தை உயர்த்த வேண்டியது கப்பல் முதலாளி. அவர் பொறுப்பை என் தலையில் கட்டக்கூடாது.

பயணப்பிரியை:
இந்தச் சண்டை ஓயாது. வேளச்சேரி சார், கைச்செலவு பற்றி ஒன்று சொல்கிறேன். யூரோ சில்லறைக் காசு மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஊர் வங்கியில் வெளிநாட்டு நோட்டைத்தான் மாற்றலாம், சில்லறைக் காசை மாற்ற முடியாது. லக்சரில் ஒரு பெரியவர் உள்ளங்கை நிறைய ஒரு யூரோ காசுகளை வைத்துக்கொண்டு, நோட்டாக மாற்றித் தரச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரோ தாராளமாகக் கொடுத்த டிப்ஸ்தான் அத்தனையும்! பார்க்கவே மனசு கேட்கவில்லை. பல இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு கார்டு மட்டும்தான், ஆனால் கழிப்பறை வாசலில் சில்லறை வேண்டும். ஏடிஎம்மில் வரும் 200 பவுண்டு நோட்டை ஓட்டல் வரவேற்பில் 10, 20 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு மெஷின் ரூபாயா பவுண்டா என்று கேட்டால் பவுண்டு என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

வேளச்சேரிவாசி:
நன்றிங்க. 192 டாலரில் யாருக்கு எவ்வளவு என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் முழுசாகக் கொடுத்துவிடுவேன்.

கணக்கன்:
எழுதித் தராவிட்டால்?

வேளச்சேரிவாசி:
கப்பலில் பொது டிப்ஸ் பெட்டி இருந்தால் சமையற்கட்டுக்காரர்களுக்கு அதில் போடுவேன். மற்றவர்களுக்கு அவரவர் கையிலேயே. பத்து பவுண்டு நோட்டெல்லாம் அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கும்.