இரண்டரை வயதுக் குழந்தைக்குத் தண்ணீர் விளையாட்டு: எதைக் கொடுக்கலாம்?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்):
வணக்கம். என் மகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகளை வாங்கித் தரலாமா, அல்லது வீட்டுப் பொருள்களைக் கொண்டே தொட்டுணரும் விளையாட்டுகளை அமைக்க முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (சூரமங்கலம்):
ஜெல் மணிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள், சகோதரி. குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள்ளும் பெருத்து அடைப்பை உண்டாக்கி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடக்கூடும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஒரு பிடியைக் கண்ணாடி போல் வேகவைத்து, குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, அகலமான தாம்பாளத்தில் கொட்டிக் கொடுங்கள். விரலிடுக்கில் வழுக்கி ஓடும். நடுவில் வெள்ளைப் புள்ளி மிச்சமுள்ள மணி அழுத்தினால் எதிர்த்து நிற்கும், நன்றாக வெந்தது நசுங்கிவிடும். அந்த வேறுபாட்டைக் குழந்தை தானே கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதைக் காண்பதே பெரும் மகிழ்ச்சி. வாயில் போட்டாலும் மரவள்ளி மாவுதான். அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள், புளித்துவிடும்.

பதில் (ஏற்காடு):
மலைக்குளிரில் நாங்கள் வெதுவெதுப்பான நீரையே வைக்கிறோம். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் அது ஊதாவாக மாறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பதில் (அஸ்தம்பட்டி):
எதை வைத்தாலும், கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 2 அங்குல நீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கக்கூடும் என்பதால், விளையாட்டு முடிந்தவுடன் நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.